ஒற்றை க்யூவை மூடிய ஆண்டுகள்

2019 மார்ச் 3ஆம் தேதி லினக்ஸ் 5.0 வெளிவந்தது. எண் மாறியதில் தனிப் பொருள் ஏதுமில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே சொல்லிவிட்டார். ஆனால் டிஸ்க் டிரைவர் எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு அந்தப் பதிப்போடு ஒரு காலம் முடிந்தது. கெர்னலின் பிளாக் லேயரில் ஆண்டாண்டாக இருந்த ஒற்றை க்யூ வழி அதில் இல்லை. அதை நம்பியிருந்த சிஎஃப்க்யூ, டெட்லைன், நூப் ஆகிய, கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் மூன்று ஷெட்யூலர்களும் கூடவே போயின. சிஎஃப்க்யூவை எழுதியவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. நீக்கியவரும் அவரே. தான் எழுதியதைத் தானே எடுத்தவர் என்பதற்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி, அல்சூருக்கு அருகே இருக்கும் பகுதி. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை. பிறகு கன்டோன்மென்ட் பொறியாளர் மர்பியின் பெயர் நிலைத்தது. வீட்டுக்குள் தமிழ், மார்க்கெட்டில் கன்னடமும் உருதுவும், வேலையில் சி மொழி. ஒரு ஸ்டோரேஜ் கார்டு நிறுவனத்தின் டிரைவர் குழுவில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கெர்னல் வேலையில் பகலைவிட மாலையும் இரவும் முக்கியம். மாலையில் ஐரோப்பாவிலிருந்து பதில் வரும், இரவில் அமெரிக்காவிலிருந்து வரும். மாடி அறையில் உட்கார்ந்து நான் செய்த வேலையில் பாதி, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாக இருக்கவில்லை. பழையதை எடுப்பதாக, எடுப்பதற்கு வழி செய்வதாக இருந்தது. அதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய வழி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராம் டிஸ்கிலிருந்து படிக்கக் கேட்டால் அந்தக் கோரிக்கை நேராக டிஸ்குக்குப் போவதில்லை. ஃபைல் சிஸ்டம் அதை ‘பயோ’ என்ற வடிவில் பிளாக் லேயரிடம் தரும். அடுத்தடுத்த இடங்களுக்கான பயோக்களை பிளாக் லேயர் ஒன்றுசேர்த்து ஒரு ரிக்வெஸ்ட் ஆக்கி, வரிசைப்படுத்தி, டிரைவரிடம் ஒப்படைக்கும். பழைய வழியில் ஒரு டிஸ்குக்கு ஒரு க்யூ, ஒரு க்யூவுக்கு ஒரு லாக். எட்டு சிபியு இருந்தாலும் எண்பது இருந்தாலும் எல்லாம் அந்த ஒரே லாக்கைப் பிடித்துத்தான் கோரிக்கையை உள்ளே வைக்கவேண்டும், வெளியே எடுக்கவேண்டும், முடிந்தது என்று குறிக்கவேண்டும்.

இதை முட்டாள்தனமான வடிவமைப்பு என்று இளைஞர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு, சிதறிக் கிடக்கும் கோரிக்கைகளில் நொடிக்கு நூறோ இருநூறோதான் முடிக்கும். அந்த வேகத்தில் லாக்குக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கிலேயே வராது. தட்டின்மேல் நகரும் தலையை வீணாக அலையவிடாமல் கோரிக்கைகளை அடுக்குவதுதான் அன்றைய பிரச்சினை. அதற்கு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதே வசதி. ஃப்ளாஷ் வந்தபோதுதான் கணக்கு தலைகீழானது. சாதனம் வேகமாகிவிட்டது, லாக் நெரிசலாகிவிட்டது. நொடிக்குப் பத்து லட்சம் கோரிக்கை என்ற எல்லையை நெருங்கும்போதே, எத்தனை கோர் சேர்த்தாலும் பழைய பாதையில் வேகம் ஏறவில்லை. மத்தியாஸ் பியோர்லிங், ஆக்ஸ்போ, டேவிட் நெல்லன்ஸ், பிலிப் போனே நால்வரும் 2013இல் சிஸ்டார் மாநாட்டில் இதற்கு மாற்று சொன்னார்கள்: ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மென்பொருள் க்யூ, அதன் கீழே சாதனம் எத்தனை தருகிறதோ அத்தனை வன்பொருள் க்யூ. ஏஹெச்சிஐ சாட்டா டிஸ்கில் ஒரே க்யூ, 32 கட்டளை. என்விஎம்இ விதிமுறையோ 65,535 க்யூ வரை அனுமதிக்கிறது. பிஎல்கே-எம்க்யூ என்ற பெயரில் அந்த மாற்று 2014 ஜனவரியில் 3.13 பதிப்பில் நுழைந்தது.

புதியது வந்தது 2014இல். பழையது போனது 2019இல். இடையிலிருந்த ஐந்து ஆண்டுகள்தான் எங்கள் தொழில்.

டிரைவரைப் பழைய வழியிலிருந்து புதிய வழிக்கு மாற்றுவது ஃபங்ஷன் பெயரை மாற்றி எழுதும் வேலை என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும். உண்மையில் திசையே மாறுகிறது. பழைய வழியில் டிரைவர்தான் க்யூவுக்குப் போய்க் கோரிக்கையை எடுக்கும். தனக்கு வேண்டியபோது எடுக்கும், கார்டு நிரம்பிவிட்டால் எடுப்பதை நிறுத்தும். புதிய வழியில் பிளாக் லேயர் கோரிக்கையைக் கொண்டுவந்து டிரைவரின் கையில் வைக்கிறது. டிரைவர் ‘இப்போது முடியாது’ என்று சொல்லலாம். ஆனால் சொன்னால், மறுபடி யார், எப்போது கேட்பார்கள் என்ற பொறுப்பும் கூடவே வரும். ஏற்கெனவே கார்டில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்போது க்யூ மறுபடி ஓடும். எதுவுமே ஓடாத நேரத்தில் டிரைவர் ‘முடியாது’ என்று சொன்னால்? எழுப்ப ஆளில்லாமல் அந்தக் கோரிக்கை அப்படியே நின்றுவிடும். சுமை அதிகமாக இருக்கும்போது இந்தக் கோளாறு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சர்வர் சும்மா இருக்கும்போதுதான் தெரியும். இதனால்தான் 4.16இல் ‘சாதனத்தில் இடமில்லை’ என்பதையும் ‘வேறு வளம் கிடைக்கவில்லை’ என்பதையும் பிரித்து இரண்டு தனித்தனி பதில்களாக வைத்தார்கள்.

இதைவிடக் கடினமானது, எங்கும் எழுதப்படாத பாதுகாப்பு. பழைய வழியில் டிரைவரின் ஃபங்ஷனைக் கூப்பிடும்போதே க்யூ லாக் பிடிக்கப்பட்டிருக்கும், இன்டரப்ட் நிறுத்தப்பட்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு அந்தச் சூழலில் வளர்ந்த கோடில், யாரும் திட்டமிடாமலே பல மாறிகள் அந்த லாக்கின் நிழலில் பத்திரமாக இருந்திருக்கும். ஒரு எண்ணிக்கை, ஒரு கொடி, காலியான கட்டளைகளின் பட்டியல். புதிய வழியில் அந்த லாக் இல்லை. நான்கு சிபியு ஒரே நேரத்தில் உள்ளே வரும். எந்த மாறி தன் சொந்த லாக்கால் காக்கப்பட்டது, எது தற்செயலாகக் காக்கப்பட்டது என்று வரி வரியாகப் படித்துத்தான் பிரிக்கவேண்டும். கம்பைலர் உதவாது. லாக் தவறுகளைத் தேடும் லாக்டெப் கொஞ்சம் உதவும். மற்றதெல்லாம் கோடின் பழைய வரலாற்றைப் புரட்டி, இந்த வரியை எழுதியவர் அன்று எதை நம்பி எழுதினார் என்று கண்டுபிடிக்கும் வேலை. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலையும் அதுதான்.

பலன் இல்லாமல் இல்லை. பழைய டிரைவர்களில் ஆளாளுக்கு ஒரு கட்டளைக் கிடங்கு வைத்திருப்போம்: எத்தனை கட்டளை காலி, எது யார் கையில் என்ற கணக்கு, அதற்கொரு லாக், அதற்கென்று டைம்அவுட். பிஎல்கே-எம்க்யூ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டேக் எண் தந்து, டிரைவருக்கு வேண்டிய நினைவகத்தையும் கோரிக்கையோடு சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது. அந்தக் கிடங்குக் கோடு முழுவதையும் அழித்துவிட்டு டிரைவர் முன்னைவிட வேகமாக ஓடுவதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

இரண்டு வழியும் அருகருகே இருந்த ஆண்டுகள் மட்டும் யாருக்கும் நல்லதாக இல்லை. பிளாக் லேயரில் ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்தவேண்டும். பிளாக் லேயருக்கும் பல டிஸ்க் டிரைவர்களுக்கும் நடுவே இருக்கும் ஸ்கஸி அடுக்குக்குள் ஒவ்வொரு முடிவிலும் ‘எம்க்யூவா, இல்லையா’ என்ற கேள்வி. சோதனையும் இரட்டிப்பு. ஸ்கஸி 2014 அக்டோபரில், 3.17 பதிப்பிலேயே புதிய வழியில் ஓடத் தெரிந்துகொண்டது. ஆனால் இயல்பாகப் பழைய வழியில்தான் ஓடும். 2017இல் 4.13 தயாரானபோது புதிய வழியை இயல்பாக்கிப் பார்த்தார்கள். சில இடங்களில் வேகம் குறைந்தது என்று புகார் வந்ததால், பதிப்பு வெளியாகும் முன்பே பழையபடி மாற்றினார்கள். அடுத்து 2018 அக்டோபரில் 4.19இல் மறுபடி இயல்பாக்கினார்கள். இம்முறை அது நிலைத்தது.

அந்த நவம்பர் மாதத்தை நான் மறக்கமாட்டேன். 4.19 போட்டவர்கள் சிலருக்கு எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் சிதைந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, நினைவகம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஃபைலுக்குள் வேறு எதுவோ இருக்கிறது. ஸ்டோரேஜ் வேலையில் மெஷின் நின்றுபோவது பெரிய பயமில்லை. தவறான தரவு சத்தமில்லாமல் டிஸ்கில் போய் உட்கார்வதுதான் பயம். புகார்களில் எக்ஸ்ட்4 என்ற பெயர் இருந்ததால் முதலில் எல்லோருடைய பார்வையும் அந்தப் பக்கம் போனது. எக்ஸ்ட்4ஐப் பராமரித்த டெட் சோ போன்றவர்கள் தங்கள் கோடைத் துருவிப் பார்த்தும் அங்கே ஒன்றும் அகப்படவில்லை. ஒருவருக்கு வருகிறது, அதே மாதிரி மெஷினில் இன்னொருவருக்கு வருவதில்லை. கெர்னலை பில்ட் செய்தபோது ஸ்கஸி எம்க்யூவை இயல்பாக்கினார்களா, ஷெட்யூலர் ‘நன்’, அதாவது எதுவுமில்லை, என்று இருந்ததா என்ற இரண்டும் சேர்ந்தால்தான் வரும் என்பது மெல்ல மெல்லத் தெளிந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆக்ஸ்போ காரணத்தைப் பிடித்தார். ஷெட்யூலர் இல்லாதபோது பிளாக் லேயர் ஒரு கோரிக்கையை வரிசையில் வைக்காமல் நேராக டிரைவரிடம் தந்துபார்க்கும். ஸ்கஸி அடுக்கு அதற்கான நினைவக வரைபடத்தைத் தயார்செய்துவிட்டு, கடைசி நேரத்தில் ‘இப்போது முடியாது’ என்று திருப்பித் தரும். திரும்பி வந்த கோரிக்கை சாதாரணக் கோரிக்கைபோலக் காத்திருக்கும். அடுத்து வரும் பயோ அதோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி அனுப்பும்போது கோரிக்கை பெரிதாகியிருக்கும், வரைபடம் பழையதாகவே இருக்கும். சேர்ந்த பகுதி டிஸ்குக்குப் போகவே போகாது. முடிந்தது என்று மட்டும் பதில் வரும்.

ஒருமுறை டிரைவரின் கைபட்டுத் திரும்பிய கோரிக்கையை வேறு எதனோடும் சேர்க்காமல் தனியே வைப்பதுதான் திருத்தம். சில வரிகள். 4.20க்கும் 4.19இன் நிலைப் பதிப்புக்கும் உடனே போனது. இதில் நான் கவனித்தது வேறொன்று. அதே நாட்களில், பழைய ஒற்றை க்யூ வழியை முழுதாக எடுக்கும் பேட்ச்கள் ஆக்ஸ்போவின் கோடு மரத்தில் அடுத்த பதிப்புக்காகத் தயாராகக் காத்திருந்தன. ‘பழையது இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது, எதற்கு எடுக்கிறீர்கள்’ என்று கேட்க அதைவிடப் பொருத்தமான நேரம் இருக்காது. ஆனாலும் நீக்கம் தள்ளிப்போடப்படவில்லை. அது சரியான முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பழையதை வைத்திருந்தால் ஆட்கள் அங்கே திரும்பிப் போய் ஒதுங்கிக்கொள்வார்கள். புதியதிலுள்ள பிழை புகாராகவே வராது. எல்லோரும் ஒரே வழியில் நடந்தால்தான் அந்த வழியின் பள்ளம் தெரியும்.

நீக்கத்துக்கு முன் கடைசி டிரைவரையும் கரையேற்ற வேண்டும். கெர்னலில் எழுதாத சட்டம் இது: உள்ளிருக்கும் இடைமுகத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் மாற்றுபவர் அதைப் பயன்படுத்தும் எல்லோரையும் தானே மாற்றித் தரவேண்டும். உள் இடைமுகத்துக்கு நிலையான வாக்குறுதி ஏன் தருவதில்லை என்று கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னலோடேயே வருகிறது. வெளியிலிருந்து அதைப் படிப்பவர்களுக்கு அலட்சியமாகத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அதன் மறுபாதி தெரியும்: யாரோ ஒருவர் உட்கார்ந்து, தன்னிடம் இல்லாத கார்டுக்கான, தான் பார்த்தேயிராத கணினிக்கான டிரைவரைத் திருத்திக்கொண்டிருப்பார்.

மைலெக்ஸ் டிஏசி960 ரெய்டு கார்டின் டிரைவர் அப்படி ஒன்று. எழுதியவர் லெனர்ட் ஸுப்காஃப். லினக்ஸின் ஆரம்பகால ஸ்கஸி வேலையில் முக்கியமானவர். 2002 ஆகஸ்டில் அலாஸ்காவில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதிய பாணி கெர்னல் வழக்கத்துக்கு மாறானது. பெயர்களெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும், நீளமாக, முழுச் சொற்களாக இருக்கும். அவருக்குப் பிறகு அந்த டிரைவருக்கு உண்மையான உரிமையாளர் என்று யாரும் இருக்கவில்லை. ஒற்றை க்யூவை எடுக்கும் வேளை வந்தபோது சூஸேயின் ஹன்னஸ் ரைனெக்கே அதை மைஆர்பி, மைஆர்எஸ் என்று இரண்டாகப் பிரித்து ஸ்கஸி அடுக்கின் கீழ் புதிதாக எழுதினார். 4.20இல் பழையது போய்ப் புதியவை வந்தன. தொண்ணூறுகளின் கார்டுக்கு 2018இல் புதிய டிரைவர். இதில் வணிக லாபம் ஒரு பைசா இல்லை. எங்கோ ஒரு மூலையில் அந்தக் கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் தரவு படிக்கக் கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. ஸுப்காஃபின் பழைய ஃபைலை நான் முழுதும் படித்திருக்கிறேன். எங்கள் தொழிலுக்கு வருபவர்கள் அதைப் படிக்கவேண்டும். அவ்வளவு பொறுப்பாகக் குறிப்பெழுதிய கோடு குறைவு.

அவருடைய இன்னொரு டிரைவரான பஸ்லாஜிக் இன்றும் இருக்கிறது. அந்தக் கார்டை யாரும் வாங்கி ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் விஎம்வேர் தன் மெய்நிகர் கணினிகளில் அதே கார்டைப் பாவனை செய்கிறது. 2013இல் காலித் அஜீஸ் அதை 64 பிட்டுக்குக் கொண்டுவந்தார். வன்பொருள் செத்துவிட்டதா என்று மட்டும் பார்த்து நீக்கத் தொடங்கினால் இதுபோன்ற இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே. வெளியே பார்த்தால் விதியே வேறு. பயனரின் புரோகிராம் நம்பியிருக்கும் எதையும் உடைக்கக்கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கடுமையானவர். ஆனால் உள்ளே எடுப்பது வெளியே கசியாமலும் இருப்பதில்லை. சிஎஃப்க்யூ போனதும், பழைய சிகுரூப்பில் அது தந்துகொண்டிருந்த பிஎல்கேஐஓ வெயிட் என்ற ஃபைலும் காணாமல் போனது. அதே வேலைக்கு பிஎஃப்க்யூ என்ற வேறொரு ஷெட்யூலரின் தனி ஃபைலைத் தேடவேண்டியதாயிற்று. பூட் வரியில் எலிவேட்டர் என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு, அந்தச் சொல்லுக்கு இனி எந்த விளைவும் இல்லை என்ற ஓர் எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது. அந்த எச்சரிக்கையை வைத்தவருக்கு நன்றி. சத்தமில்லாமல் புறக்கணித்திருந்தால் எத்தனையோ பேர் இல்லாத ஷெட்யூலரை நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

பெயர் மாறினாலே போதும், ஒரு மெஷின் நின்றுவிடும். ஐடிஇ டிஸ்குகள் ஹெச்டிஏ, ஹெச்டிபி என்றிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஜெஃப் கார்ஸிக் 2003இல் தொடங்கிய லிப்ஏடிஏ வளர்ந்து பழைய ஐடிஇ டிஸ்குகளையும் ஏற்றுக்கொண்டபோது அவை எஸ்டிஏ, எஸ்டிபி ஆயின. 2007இல் ஃபெடோரா 7 முழுதாக மாறியது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்துக் கணினியைப் புதிய கெர்னலுக்கு மாற்றியபோது, தெரிந்தவர் வழியாக அந்த டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், பயாஸ்ல டிஸ்க் தெரியுது. ஆனா ரூட் கெடைக்கலைன்னு நின்னுக்குது.”

“கடைசி வரியில ஹெச்டிஏன்னு இருக்குங்களா?”

“ஆமாங்க மேடம், ஹெச்டிஏ ஒன்னு.”

“சரி, பிஎல்கேஐடின்னு அடிங்க. வர்றதை அப்படியே படிச்சுச் சொல்லுங்க.”

எங்கள் ஊர்களில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். தபால்காரர் இரண்டையும் அறிந்தவராக இருப்பதால்தான் கடிதம் வந்துசேர்கிறது. கெர்னலில் அப்படி யாரும் இல்லை. அதனால் எண்ணை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் யூயூஐடியை பூட் வரியிலும் எஃப்எஸ்டேபிலும் போடச் சொன்னேன். அவர் படிக்கப் படிக்க நான் திருத்தச் சொல்ல, மெஷின் எழுந்தது. அவருக்கு இன்னொரு சங்கடமும் வந்திருக்கக்கூடும், நல்லவேளை வரவில்லை. பழைய ஐடிஇ டிஸ்கில் 63 பார்ட்டிஷன் வரை வைக்கலாம், ஸ்கஸி வழியில் 15தான். அதைவிட அதிகம் வெட்டியிருந்தவர்களுக்கு மீதிப் பகுதிகள் தெரியாமலே போயின. 2008 இறுதியில் வந்த 2.6.28தான் அந்த எல்லையைத் தளர்த்தியது.

பழைய ஐடிஇ அடுக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் மரத்தில் கிடந்தது. கடைசியாக அதை நம்பியிருந்தவை அமிகா, அடாரி ஃபால்கன் போன்ற எம்68கே கணினிகள். அவற்றுக்கு லிப்ஏடிஏ டிரைவர்களை எழுதியவர்களில் முதன்மையானவர் பார்ட்லோமியே ஸோல்னியெர்கியெவிச். அவர் ஐடிஇ அடுக்கின் முன்னாள் பராமரிப்பாளர்! தன் வீட்டைக் காலிசெய்து எல்லோரையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவைத்ததுபோல அவர் செய்த வேலை அது. 2021 ஆகஸ்டில் வந்த 5.14இல் கிறிஸ்டாஃப் ஹெல்விக் நாற்பதாயிரம் வரிக்கு மேல் இருந்த அந்த அடுக்கை எடுத்தார்.

அதே 5.14இல்தான் ரா டிரைவரும் போனது. டேட்டாபேஸ்கள் கெர்னலின் கேஷைத் தவிர்த்து டிஸ்கை நேராகத் தொடுவதற்காக இருந்த சாதனம். அதே வேலையைச் சாதாரண ஃபைலிலேயே செய்யும் ஓ-டைரக்ட் வந்த பிறகு அதற்குத் தேவை இல்லை. முன்பு கெர்னல் ஆவணங்களில் நீக்க அட்டவணை என்று ஒரு ஃபைல் இருந்தது. எது எந்த மாதம் போகும் என்று அதில் எழுதிவைப்பார்கள். ரா டிரைவருக்கு 2005 டிசம்பர் என்று போட்டிருந்தது. அந்த மாதம் வந்தது, போனது, டிரைவர் போகவில்லை. ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ்களை அதன்மேல் நிறுவியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 2012இல் டோர்வால்ட்ஸ் அந்த அட்டவணை ஃபைலையே நீக்கிவிட்டார். நான் அந்த முடிவோடு ஒத்துப்போகிறேன். தேதி போட்டால் யாரும் மாறுவதில்லை. மாறுவதற்கு வழிசெய்து, கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் மாறுகிறார்கள்.

சில நேரம் அழைத்துப் போக ஆளே தெரிவதில்லை. சிடி, டிவிடியில் பாக்கெட் முறையில் எழுதும் பிகேடிசிடிவிடி டிரைவரை 2022 டிசம்பரில் எடுத்தார்கள். யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. எடுத்த பிறகுதான் பயன்படுத்துகிறவர்கள் குரல்கொடுத்தார்கள். 2023 ஜனவரியிலேயே, 6.2 வெளியாகும் முன், அதைத் திரும்ப வைத்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவுடன் திரும்ப வைக்கும் மனம் இருப்பதால்தான் நீக்கும் உரிமையும் கிடைக்கிறது.

பெங்களூருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. ஐபிஎம்மின் லினக்ஸ் குழுவில் இங்கே இருந்த சுபர்ணா பட்டாச்சார்யா, 2.5 காலத்தில், கோரிக்கை முடியும்வரை புரோகிராமைக் காக்கவைக்காத ஏஐஓ வேலையில் முக்கியமானவர். 2003 ஒட்டாவா மாநாட்டில் அவரும் சகாக்களும் தந்த கட்டுரையை நாங்கள் அச்செடுத்து வைத்துப் படித்தோம். அன்று ஏஐஓவுக்குள் இருந்த ரீட்ரை இயக்கம் 2013இல் 3.10இல் எடுக்கப்பட்டது. ஆனால் ஐஓ-சப்மிட் என்ற சிஸ்டம் கால் இன்றும் இருக்கிறது, இனியும் இருக்கும். உள் இயந்திரத்தை மாற்றலாம், வாசலை மூட முடியாது. 2019இல் 5.1இல் வந்த ஐஓ-யூரிங் இதிலிருந்து பாடம் படித்திருந்தது. எந்தச் செயல்கள் இந்தக் கெர்னலில் உண்டு என்று புரோகிராம் கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் பின்னர் வழி வைத்தார்கள். அதே ஐஓ-யூரிங் வழியாக என்விஎம்இ கட்டளைகளை நேராக அனுப்பும் வசதி 2022இல் 5.19இல் வந்தது. அதை முன்னின்று செய்தவர்கள் சாம்சங்கின் பெங்களூர் ஆய்வு மையத்தைச் சேர்ந்த காஞ்சன் ஜோஷியும் அவர் குழுவினரும். 2024 ஃபாஸ்ட் மாநாட்டில் அதைப் பற்றிய அவர்கள் கட்டுரை வந்தது. இந்த ஊரிலிருந்து ஒரு புதிய வாசல் திறந்தது எனக்குப் பெருமை.

எங்கள் குழுவுக்கு சேலத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. ஒருநாள் ஓர் உள் ஃபங்ஷனைக் காட்டிக் கேட்டாள்.

“அக்கா, இதை யாருமே கூப்பிடல. கிரெப் பண்ணிப் பார்த்துட்டேன். எடுத்துடலாமா?”

“எங்கெங்க தேடினே?”

“டிரைவர்ஸ் முழுக்க. எஃப்எஸ், பிளாக் எல்லாத்துலயும்.”

“ஆர்ச்சுல?”

ஆர்ச் என்பது சிபியு வகைகளுக்கான கோடு இருக்கும் அடைவு. அங்கே பிளாக் டிரைவர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் யூசர் மோட் லினக்ஸின் யூபிடி அங்கேதான் இருக்கிறது. எம்68கே எமுலேட்டருக்கான என்எஃப்பிளாக், எக்ஸ்டென்ஸாவின் சிம்டிஸ்க் எல்லாம் அங்கேதான். மேக்ரோவுக்குள் இரண்டு சொல்லை ஒட்டிப் பெயர் உருவாக்கியிருந்தால் கிரெப்புக்குச் சிக்கவே சிக்காது. ஆகவே தேடுவதோடு நிறுத்தாமல், பெயரை வேண்டுமென்றே மாற்றிவிட்டு எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பில்ட் ஓட்டவேண்டும். எங்கே உடைகிறதோ அங்கே ஒரு பயனர். இன்டெலின் சோதனை ரோபோவும் இதைச் செய்கிறது, ஆனால் அதற்கு முன் நாமே செய்துவிடுவது மரியாதை. ஒரே மாதிரியான மாற்றம் ஐம்பது இடத்தில் வேண்டுமென்றால் ஜூலியா லாவால் குழுவின் காக்சினெல் இருக்கிறது. எந்த வடிவம் எந்த வடிவமாக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் மரம் முழுக்க மாற்றித் தரும். லாக்கின் நிழலில் இருந்த மாறிகளை மட்டும் அது கண்டுபிடித்துத் தராது.

அவள் முதலில் செய்த பெரிய வேலை 2024இன் லிமிட்ஸ் மாற்றம். ஒரு டிஸ்கின் பிளாக் அளவு என்ன, ஒரே கோரிக்கையில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்பவற்றை முன்பு ஒவ்வொன்றாகத் தனித்தனி ஃபங்ஷனால் மாற்றுவோம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கில் அப்படி மாற்றினால், பாதி புதிது பாதி பழையது என்ற நிலையை ஒரு கோரிக்கை பார்த்துவிட வாய்ப்புண்டு. ஹெல்விக் இதை மாற்றினார்: எல்லாவற்றையும் ஒரு நகலில் திருத்து, பொருந்துகிறதா என்று சரிபார், பிறகு ஒரே அடியில் பதி. 6.9இல் தொடங்கி 6.11க்குள் பழைய தனித்தனி ஃபங்ஷன்கள் போய்விட்டன. எங்கள் டிரைவரை மாற்றும்போது, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு எண்களை அது ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தச் சரிபார்ப்பு பிடித்தது.

எடுக்கக்கூடாதவையும் உண்டு என்பதை அவளுக்குக் காட்ட ஒரு பழைய பார்ட்டிஷன் கருவியை ஓட்டினேன். அது டிஸ்கின் வடிவத்தைக் கேட்கும். லிப்ஏடிஏ 255 தலை, 63 செக்டர் என்று பதில் சொல்லும். 255 தலையுள்ள டிஸ்க் உலகில் இருந்ததே இல்லை. ஒரு சுழலும் பகுதிகூட இல்லாத எஸ்எஸ்டிக்கும் இதே பதில்தான். எண்பதுகளின் பயாஸ் கணக்கு அது. அந்தக் கேள்வியைக் கேட்கும் புரோகிராம் எங்கோ இருக்கிறது. பதில் வராவிட்டால் அது உடையும். வைத்திருக்கச் சில வரிகள் போதும். வைத்திருக்கவேண்டும்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது பஃபர் ஹெட். லினக்ஸின் மிகப் பழைய உறுப்புகளில் ஒன்று. நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க் பிளாக்குக்கும் ஒரு குறிப்பேடு. 2001இல் 2.5இல் பயோ வந்தபோதே டிரைவருக்குக் கோரிக்கை கொண்டுபோகும் வேலை அதனிடமிருந்து போய்விட்டது, ஆனால் ஃபைல் சிஸ்டம்களின் உள்ளே அது இன்னும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் அதற்குப் பதிலான ஐஓமேப்புக்கு மாறிவிட்டது. எக்ஸ்ட்2இன் நேரடி ஐஓவை 2023இல் ரித்தேஷ் ஹர்ஜானி ஐஓமேப்புக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு 6.6இலிருந்து பஃபர் ஹெட்டே இல்லாமல் கெர்னலை பில்ட் செய்ய முடிகிறது. அப்படிச் செய்தால் பல ஃபைல் சிஸ்டம்கள் இருக்காது. மீதமுள்ளவற்றில் சிறிய பழைய ஃபைல் சிஸ்டம் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். லூப் சாதனத்தில் பழைய டிஸ்க் இமேஜ்களை ஏற்றி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிளாக்கையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். 4,096 பைட் பிளாக்கில் எல்லாம் பொருந்துகிறது. 1,024 பைட்டில் எழுதிய ஒரு இமேஜில் மட்டும் கடைசி பிளாக்கின் வால் பகுதி சுழியாவதில்லை. அதைப் பழைய கோடு எந்த இடத்தில் சுழியாக்கியது என்று நேற்றிரவுவரை தேடினோம், இன்றும் தேடுவோம்.